சங்கு ஊர் விட்டு ஊர் போகாது

முத்து நகர் எக்ஸ்பிரஸ் பிடித்துத் தூத்துக்குடி போய் இறங்கினால் மக்ரூன் கிடைக்கும், உப்பு கிடைக்கும், கருவாடு கிடைக்கும். முத்து கிடைக்காது. இந்தக் கரையில் அரசாங்கம் நடத்திய கடைசி முத்துக்குளிப்பு 1961-ல். அந்த வருஷம் பிறந்த குழந்தைகள் இன்று பேரன் பேத்தி எடுத்துவிட்டார்கள். பெயர் மட்டும் ரயிலில் ஓடிக்கொண்டிருக்கிறது.

முத்து போனாலும் சங்கு இருக்கிறது. திரேஸ்புரத்தில் ஒரு வீட்டுத் திண்ணையில், சங்கு குளித்து ஓய்ந்த ஒரு பெரியவர் என் முன்னால் இரண்டு சங்குகளை வைத்தார். "இதுல எது நம்ம ஊர்ச் சங்கு, சொல்லுங்க பாப்போம்" என்றார். எனக்கு இரண்டும் சங்கு. பூஜை அறையில் இருக்குமே, அந்தச் சங்கு. தலையைச் சொறிந்தேன். அவர் சிரித்துவிட்டு ஒன்றை நகர்த்தினார். "இது ராமேஸ்வரத்துக்கு அந்தப் பக்கம் எடுத்தது. இது இங்கன உள்ளது. மூஞ்சியப் பாத்தாலே தெரியும்லா."

"அதெப்படி ஐயா, ஒரே கடல்ல ரெண்டு மூஞ்சி?"

"சங்கு ஊர் விட்டு ஊர் போவாது ஸார். பொறந்த மண்ணுலயே கெடந்து ஊரும். அப்ப மூஞ்சி மாறத்தான செய்யும்?"

ஓர் உயிரினம் எப்படி இரண்டாகிறது என்று கேட்டால் கல்லூரியில் ஒரு செமஸ்டர் நடத்துவார்கள். பெரியவர் மூன்று வாக்கியத்தில் முடித்துவிட்டார். அவர் சொன்னது எவ்வளவு தூரம் சரி, நூறு வருஷத்துக்கு முன்னால் இதே ஊர்ச் சங்கைப் பற்றி எழுதப்பட்ட ஒரு புத்தகத்தை நாம் எப்படித் தப்பாகப் படித்தோம் என்பதுதான் இந்த வாரம்.

முதலில் ஒரு சின்னக் கோபத்தைக் கொட்டிவிடுகிறேன். நம் பத்திரிகைகளில் வருஷத்துக்கு நாலு தடவையாவது ஒரு செய்தி வரும்: 'மன்னார் வளைகுடாவில் புதிய உயிரினம்!' பக்கத்தில் ஒரு மங்கலான புகைப்படம். லத்தீன் பெயர் ஒன்று, அதுவும் எழுத்துப்பிழையோடு. அவ்வளவுதான், செய்தி முடிந்தது. அந்தப் பிராணி என்னவோ போன செவ்வாய்க்கிழமைதான் கடலில் பிறந்த மாதிரி.

ஒரு கணக்கு பாருங்கள். கோபிநாத பிள்ளை என்ற விஞ்ஞானி நம் பவளப்பாறைகளை ஆயுள் முழுக்க எண்ணியவர். மன்னார் வளைகுடா, பாக் விரிகுடாப் பகுதியில் 94 வகைப் பவளங்கள் என்று 1986-ல் பட்டியல் போட்டார். 2007-ல் தூத்துக்குடி சுகந்தி தேவதாசன் கடல் ஆராய்ச்சி நிறுவனத்தார் மன்னார் வளைகுடாவில் 117 என்று எண்ணிச் சொன்னார்கள். அப்படியானால் இடைப்பட்ட 21 வருஷத்தில் 23 பவளங்கள் புதிதாகப் பிறந்தனவா? இல்லை. அவை ஆதியிலிருந்தே அங்கே இருந்தவை. நாம்தான் லேட்டாகப் போய் ஆஜர் எடுத்தோம்.

கண்டுபிடித்தது வேறு, உண்டானது வேறு. முதலாவது மனிதர்களின் செய்தி. இரண்டாவதுதான் கடலின் செய்தி. நாம் முதலாவதை மட்டுமே போட்டுவிட்டு இரண்டாவதையும் சொல்லிவிட்டதாக நினைத்துக்கொள்கிறோம்.

சரி, புத்தகத்துக்கு வருவோம்.

ஜேம்ஸ் ஹார்னெல் என்று ஓர் ஆங்கிலேயர். 1902-ல் பேராசிரியர் ஹெர்ட்மனோடு இலங்கையின் முத்துச்சிப்பிகளைப் பரிசோதிக்க வந்தவர். பிறகு சென்னை மாகாண மீன்வளத் துறைக்கு வந்து, தூத்துக்குடியில் முத்துக்கும் சங்குக்கும் அதிகாரியாக இருந்தார். 1914-ல் 'தி சேக்ரட் சாங்க் ஆஃப் இந்தியா' என்று ஒரு புத்தகம் போட்டார். 'இந்தியாவின் புனிதச் சங்கு'. மீன்வளத் துறை வெளியீடு. தலைப்பைப் பார்த்தால் பக்தி மலர் மாதிரி இருக்கும்.

அந்தத் தலைப்புதான் புத்தகத்துக்கு வினையாகப் போனது என்பது என் கட்சி. சங்கு நம் கோயில்களில் என்னவாக இருக்கிறது, வங்காளத்துப் பெண்கள் கையில் எப்படி வளையல் ஆகிறது, குழந்தைக்குப் பால் புகட்டும் சங்கு எது என்பதையெல்லாம் தேடித்தான் எல்லாரும் அதைப் புரட்டினார்கள். வரலாற்றுக்காரர்கள் மேற்கோள் காட்டுகிறார்கள். கைவினைக்காரர்கள் கொண்டாடுகிறார்கள். தப்பில்லை, அந்தப் பகுதிகள் சுவாரசியமானவைதான். ஆனால் சங்கு என்பது ஓடு அல்ல, அதற்குள் ஒரு பிராணி இருந்தது, அதற்கு ஒரு குழந்தைப் பருவம் இருந்தது என்ற இடத்தை எல்லாரும் வேகமாகப் புரட்டிவிட்டுப் போய்விட்டார்கள். நக்கீரரையே சங்கறுக்கும் குலம் என்று சொல்லும் கதை உள்ள மொழி நம்முடையது. அறுத்த பிறகு உள்ள சங்கைத்தான் நமக்குத் தெரியும்.

சங்கின் குழந்தைப் பருவம் எப்படிப்பட்டது?

தாய்ச்சங்கு மணலில் முட்டைக்கூடு ஒன்றை ஊன்றி வைக்கிறது. பார்ப்பதற்கு ஆட்டுக்கிடாவின் முறுக்கிய கொம்பு மாதிரி இருக்கும். அடுக்கடுக்காக அறைகள். நம் மீனவர்கள் இதற்கு வைத்த பெயர் சங்குப்பூ. கொம்பைப் பூவாகப் பார்த்த கண்ணுக்கு ஒரு சபாஷ் போடலாம். ஒவ்வோர் அறையிலும் குஞ்சுகள். அவை அந்த அறைக்குள்ளேயே வளர்ந்து, ஓடும் சுருளுமாக, அப்பா அம்மாவின் சின்ன சைஸ் பிரதியாக வெளியே வருகின்றன. வந்ததும் நீந்துவதில்லை. மணலில் ஊர்ந்து போய்ப் புழு தேடுகின்றன. அவ்வளவுதான் அதன் உலகப் பயணம்.

இப்போது பக்கத்து வீட்டு முத்துச்சிப்பியைப் பாருங்கள். சங்கு மணலில் கிடக்கிறதென்றால், சிப்பி அதற்குப் பக்கத்திலேயே பாரில் ஒட்டிக்கொண்டிருக்கிறது. பார் என்றால் கடலடியில் இருக்கும் பாறைத் திட்டு. தொள்ளாயிரம் பார், கூத்தாடியார் பார் என்று ஒவ்வொன்றுக்கும் பெயர் உண்டு. சிப்பி என்ன செய்கிறது? முட்டையையும் விந்தையும் தண்ணீரில் விட்டுவிட்டுச் சும்மா இருந்துவிடுகிறது. அதன் லார்வா, கண்ணுக்குத் தெரியாத தூசி மாதிரி, ஏறக்குறைய மூன்று வாரம் நீரோட்டத்தோடு மிதக்கிறது. மூன்று வாரத்தில் நீரோட்டம் எங்கே கொண்டுபோய் விடும் என்று அந்தச் சிப்பிக்கும் தெரியாது, கலெக்டருக்கும் தெரியாது. அதனால்தான் முத்துக்குளிப்பு ஒரு லாட்டரியாக இருந்தது. சில வருஷம் பார் முழுக்கச் சிப்பி. பிறகு வருஷக்கணக்கில் வெறும் பாறை. பாண்டியர், போர்ச்சுக்கீசியர், டச்சுக்காரர், இங்கிலீஷ்காரர் எல்லாரும் கரையில் நின்று காத்திருந்தார்கள்.

ஒரே ஊர், ஒரே கடல், இரண்டு பிராணிகள். ஒன்றின் பிள்ளைகள் வெளிநாடு போகிறார்கள். இன்னொன்றின் பிள்ளைகள் தெருவைத் தாண்டுவதில்லை. விளைவு என்ன? சிப்பி பல கரைகளுக்கும் கலந்து கலந்து, எங்கே பார்த்தாலும் ஏறக்குறைய ஒரே முகம். சங்கு ஊருக்கு ஒரு முகம். கல்கத்தாவிலும் டாக்காவிலும் வளையல் அறுப்பவர்கள் சங்கை ஊர்வாரியாகப் பிரித்துத்தான் பெயர் சொன்னார்கள். ராமேஸ்வரமும் கீழக்கரையும் அந்தப் பெயர்களில் ஒலிக்கும். ஹார்னெல் 1916-ல் இந்தியன் மியூசியம் வெளியீட்டில் ஒரு கட்டுரையே எழுதினார்: இந்தியச் சங்கின் வகைகளும் 'ரேஸ்'களும் பற்றி. கூர்நுனிச் சங்கு, மொட்டைநுனிச் சங்கு, உருண்டைச் சங்கு, கன்னியாகுமரிப் பெயர் தாங்கிய ஒன்று என்று லத்தீனில் பிரிக்கப்பட்டன.

சங்குப்பூவை ஒரு கையிலும் இந்தப் பட்டியலை இன்னொரு கையிலும் வைத்துக்கொண்டு படியுங்கள். திரேஸ்புரத்துப் பெரியவர் சொன்னது கிடைத்துவிடும். ஊர் விட்டு ஊர் போகாத பிள்ளைகள். ஆகவே ஊருக்கு ஒரு முகம்.

இது நம்மூர்ப் பெருமைக்காக நான் ஊதுவது இல்லை. உலகத்தில் வேறு இடங்களிலும் பார்த்திருக்கிறார்கள். இந்தோனேஷியாவில் பங்காய் தீவுகளைச் சுற்றி ஒரு சின்ன மீன் இருக்கிறது. கறுப்பு வெள்ளைக் கோடு போட்ட அழகன்; அக்வேரியம் கடைகளில் பிரபலம். இதில் அப்பா மீன் முட்டைகளை வாயிலேயே அடைகாத்து, குஞ்சு பொரிந்த பிறகும் கொஞ்ச நாள் வாயில் வைத்திருந்து, அங்கேயே துப்பிவிடுகிறது. மிதக்கும் பருவமே கிடையாது. சில கிலோமீட்டர் தள்ளி இருக்கும் இரண்டு பாறைகளின் மீன்களை எடுத்து டி.என்.ஏ. பார்த்தால் வேறு வேறாக இருக்கிறது. ஆப்பிரிக்காவுக்கு மேற்கே கேப் வெர்டே தீவுகளில் கூம்புச் சங்குகள். அங்கேயும் குஞ்சுகள் மிதந்து ஊர் சுற்றுவதில்லை. அந்தச் சின்னத் தீவுக்கூட்டத்தில் மட்டும், உலகத்தில் வேறெங்கும் இல்லாத கூம்புச் சங்கு இனங்கள் ஏறக்குறைய 50.

'ஊருக்கு ஒரு முகம்' என்பதும் 'ஊருக்கு ஓர் இனம்' என்பதும் ஒன்றா என்று நீங்கள் கேட்கவேண்டும். கேட்டால் சந்தோஷப்படுவேன். ஒன்றில்லை. இனம் என்றால் தங்களுக்குள் கலந்து பிள்ளை பெற்று, அந்தப் பிள்ளைகளும் பிள்ளை பெறுகிற ஒரு கூட்டம். முகம் மாறினால் மட்டும் போதாது. கலப்பு நிற்கவேண்டும்.

இதற்கு நமக்குத் தெரிந்த உதாரணம் வலம்புரி. லட்சக்கணக்கில் ஒன்று அபூர்வமாகக் கிடைக்கும், கிடைத்தால் வீடு கட்டலாம் என்று சொல்லப்படும் அந்தச் சங்கு, மற்றச் சங்குகளுக்கு எதிர்ப்பக்கமாகச் சுருண்டது. இவ்வளவு வித்தியாசமான பிராணி ஏன் தனி இனமாக ஆகவில்லை? நத்தைகளில் சுருள் எந்தப் பக்கம் என்பதைத் தாயின் ஜீன் தீர்மானிக்கிறது. எதிர்ச்சுருள் நத்தைக்கு மற்றவற்றோடு ஜோடி சேருவதே சிரமம். உடம்பே இடம் மாறி இருக்கிறது. ஜப்பானில் சில நிலத்து நத்தைகளில், எதிர்ச்சுருள்காரர்கள் ஒரே இடத்தில் போதுமான எண்ணிக்கையில் சேர்ந்துகொண்டு, தனி இனமாகவே பிரிந்து போயிருக்கிறார்கள். நம் வலம்புரிக்கு அந்த அதிர்ஷ்டம் இல்லை. லட்சத்தில் ஒருவனாக, தனியாக, ஒரு பாரின் ஓரத்தில் கிடக்கிறது என்பதுதான் காரணமாக இருக்கவேண்டும். தனிமை வேண்டும், ஆனால் ஒற்றை ஆளாக இல்லை, ஒரு கூட்டமாகத் தனிமைப்படவேண்டும். ஒருவன் மாறினால் அதிசயம். ஊர் மாறினால்தான் இனம்.

இப்போது பவளத்துக்கு வருவோம். ஏனென்றால் இங்கேதான் பெரிய சிக்கல். பவளப்பாறை என்பது கடலின் மயிலாப்பூர். ஒரு சதுர அடி காலி கிடையாது. ஆயிரக்கணக்கான இனங்கள் தோள் இடித்து வாழ்கின்றன. ஆனால் அவற்றில் பெரும்பாலானவை சிப்பி கட்சி, சங்கு கட்சி இல்லை. குஞ்சைத் தண்ணீரில் மிதக்க விடுகிறவை. நடுவில் மலை இல்லை, பாலைவனம் இல்லை. எல்லாம் கலந்துகொண்டே இருந்தால் எப்படி இவ்வளவு இனம் உண்டாயிற்று? நான் படித்த பாடப்புத்தகத்தில் கேலபகாஸ் தீவும் குருவி மூக்கும் இருந்தன. குருவிக்கு நடுவில் கடல் சுவர். கடல் பிராணிக்கு எது சுவர்?

ஒரு சுவர், நேரம். பவளங்கள் வருஷத்தில் சில குறிப்பிட்ட இரவுகளில், பௌர்ணமியை ஒட்டி, முட்டையையும் விந்தையும் ஒரே சமயத்தில் தண்ணீரில் விடுகின்றன. கரீபியன் கடலில் ஆர்பிசெல்லா என்ற பவளத்தில் மூன்று நெருங்கிய சொந்தக்கார இனங்கள் ஒரே பாறையில் வாழ்கின்றன. அதில் ஒன்று மற்ற இரண்டையும்விட ஏறக்குறைய இரண்டு மணி நேரம் முன்னதாக விட்டுவிடுகிறது. அதற்குள் அலை கலைத்து நீர்த்துப் போகிறது. அடுத்த வீட்டார் வரும்போது இவர்கள் சந்தை முடிந்துவிட்டது. மலை வேண்டாம், பாலைவனம் வேண்டாம். இரண்டு மணி நேரம் போதும். ஒரே தெருவில் இருந்துகொண்டு, ஒருவர் பகல் ஷிஃப்ட் இன்னொருவர் நைட் ஷிஃப்ட் என்றால் எத்தனை வருஷமானாலும் முகம் பார்த்துக்கொள்ள மாட்டார்கள் இல்லையா, அது போல.

இரண்டாவது சுவர், வீட்டு ஞாபகம். மிதக்கிற குஞ்செல்லாம் தொலைந்து போகிறது என்று ரொம்ப நாள் நம்பிக்கொண்டிருந்தார்கள். 1999-ல் ஆஸ்திரேலியாவின் லிசர்ட் தீவில் ஒரு பரிசோதனையின் முடிவு வந்தது. ஒரு சின்னப் பவளப்பாறை மீனின் முட்டைக் கருக்களில் சுமார் ஒரு கோடிக்கு ரசாயன அடையாளம் போட்டு விட்டார்கள். பிறகு திரும்பி வந்த 5,000 குஞ்சுகளைப் பிடித்துப் பார்த்தார்கள். 15-ல் அந்த அடையாளம். பதினைந்துதானா என்று உதட்டைப் பிதுக்காதீர்கள். அடையாளம் போட்டது மொத்த முட்டையில் ரொம்பக் கொஞ்சம். அதை வைத்துக் கணக்குப் போட்டால், 15 முதல் 60 சதவீதம் குஞ்சுகள் பிறந்த ஊருக்கே திரும்புகின்றன. பிள்ளை அமெரிக்கா போய்விட்டான் என்று அழுதுகொண்டிருந்த அம்மாவுக்கு, அவன் அடுத்த தெருவில்தான் இருக்கிறான் என்று யாரோ சொன்ன மாதிரி.

மூன்றாவது சுவர், வாடகை வீடு. பவளக்கிளைகளுக்குள் மட்டுமே வாழும் விரல் நீள மீன்கள் இருக்கின்றன. ஒரு வகைப் பவளத்தில் குடியிருந்த கூட்டத்தில் சிலர் வேறு வகைப் பவளத்துக்கு வீடு மாறினால், ஜோடி தேடுவதும் அந்தப் புது வீட்டிலேயே நடக்கும். பாப்புவா நியூகினியில் ஒரு மீனில் இப்படி நடந்து இனம் பிரிந்ததாக 2004-ல் எழுதியிருக்கிறார்கள்.

நாலாவது, நிஜமான சுவர். நிலம். சுமார் 30 லட்சம் வருஷத்துக்கு முன்னால் பனாமாவில் நிலம் எழும்பி, ஒரே கடல் இரண்டாகப் பிரிந்தது. பாறை இடுக்குகளில் சொடக்குப் போடுகிற மாதிரிச் சத்தம் எழுப்பும் ஒரு வகை இறால் இரண்டு பக்கமும் மாட்டிக்கொண்டது. நான்சி நோல்டன் என்ற விஞ்ஞானியும் கூட்டாளிகளும் இரண்டு பக்கத்து இறால்களையும் ஒரே தொட்டியில் விட்டுப் பார்த்தார்கள். கல்யாணம் நடக்கவில்லை. பெரும்பாலும் சண்டைதான். முடிவுகள் 1993-ல் வந்தன. பங்காளிகள் பிரிந்து முப்பது லட்சம் வருஷம் ஆகிவிட்டால் அப்படித்தான்.

நம் கடலிலும் சுவர் இருந்தது. சுமார் 20,000 வருஷத்துக்கு முன்னால், பனியுகத்தில், கடல் இன்றைக்கு இருப்பதைவிட ஏறக்குறைய 120 மீட்டர் கீழே இருந்தது. பாக் விரிகுடாவின் பெரும்பகுதி இன்றைக்கே 15 மீட்டர் ஆழத்துக்குள்தான். அன்று அது தரை. இலங்கைக்கு நடந்து போயிருக்கலாம். இன்று மண்டபத்திலிருந்து தூத்துக்குடி வரை 21 தீவுகளைச் சுற்றிப் பவளப்பாறை இருக்கிறதே, அந்த இடமும் அன்று காய்ந்த நிலம். ராமேஸ்வரத்தில் கரையேறி நிற்கும் செத்த பவளப்பாறையின் வயதைப் பார்த்தார்கள். சுமார் 4,000 வருஷம்தான். நம் கோயில்களைவிடப் பழசு, ஆனால் பூமியின் கணக்கில் நேற்று.

இங்கேதான் நம் மேடைப் பேச்சாளர்களையும் கொஞ்சம் விமர்சிக்கவேண்டும். 'மன்னார் வளைகுடா உயிர்களின் தொட்டில், இங்கேதான் எல்லாம் தோன்றின' என்று முழங்குகிறார்கள். பவளத்தைப் பொறுத்தவரை இது உண்மையில்லை. அந்த 117-ல் பெரும்பாலானவை இந்துமாக்கடல் முழுக்க இருப்பவை. கடல் ஏறி வந்தபோது லார்வாக்களாக மிதந்து வந்து குடியேறியவை. தொட்டில் இல்லை, குடியேற்றக் காலனி. இதில் வெட்கப்பட எதுவும் இல்லை. தொட்டில் பெருமை பொய்யாக இருந்தால், அதை வைத்துப் பாதுகாக்கக் கேட்பதும் பலவீனமாகப் போகும் என்பதால் சொல்கிறேன். சங்கு மட்டும் மிதந்து வந்திருக்க முடியாது. கடல் ஏற ஏற, தலைமுறை தலைமுறையாக மணலில் ஊர்ந்துதான் வந்திருக்கவேண்டும். நடந்து வந்த குடி அது.

ஹார்னெல் புத்தகத்திலும் குறை இல்லாமல் இல்லை. அவர் பிரித்தது ஓட்டின் வடிவத்தை வைத்து. ஓடு என்பது பிராணி கட்டிய வீடு. நல்ல சாப்பாடு கிடைத்தால் பெரிதாகக் கட்டும். அலை அதிகமானால் கனமாகக் கட்டும். வடிவ வித்தியாசத்தில் எவ்வளவு ரத்தம், எவ்வளவு சூழ்நிலை என்று ஓட்டை மட்டும் அளந்து சொல்லிவிட முடியாது. அவர் காலத்தில் டி.என்.ஏ. கிடையாது, அது அவர் குற்றம் இல்லை. இன்றைக்கு அவர் பிரித்தவற்றைப் பெரும்பாலும் ஒரே இனத்தின் வடிவங்களாகத்தான் வைக்கிறார்கள். ஆனால் இதைக் குறையாக எடுத்துக்கொண்டு புத்தகத்தை மூடிவிட்டால் முக்கியமானதைத் தவற விடுவோம். முழுதாகப் பிரிந்த இனத்தை யார் வேண்டுமானாலும் காட்டலாம். பிரிந்தும் பிரியாமலும், நடு வழியில் நிற்கும் பிராணியைப் பார்ப்பதுதான் அபூர்வம். ஹார்னெல் கையில் அது இருந்தது. நம் பூஜை அறையில் அது இருக்கிறது.

இன்னொரு குறை எனக்கு மனசில் உறுத்துகிறது. சங்கு அன்று சர்க்கார் ஏகபோகம். புத்தகம் எழுதியவர் சர்க்கார் அதிகாரி. ஊருக்கு ஒரு சங்கு என்பதை முதலில் பார்த்தது அவர் இல்லை. மூச்சைப் பிடித்துக் கீழே போன பரவரும், கீழக்கரை முஸ்லிம் குளிகாரர்களும், வாங்கி விற்ற வியாபாரிகளும்தான். லத்தீன் பெயர் பின்னால் வந்து உட்கார்ந்துகொண்டது. பெயர்ப் பலகையில் ஹார்னெல் இருக்கிறார். திரேஸ்புரத்துக்காரர் இல்லை.

இதையெல்லாம் தெரிந்துகொண்டு எனக்கென்ன ஸார் என்று கேட்பீர்கள். கொஞ்சம் பொறுங்கள். இங்கேதான் விஷயம் இருக்கிறது.

'கடல் பெரிசு, அள்ள அள்ளக் குறையாது, இங்கே போனால் வேற எடத்துல இருந்து வந்துரும்.' கடற்கரையிலும் கேட்கலாம், தலைமைச் செயலகத்திலும் கேட்கலாம். இது சிப்பியைப் பார்த்து உருவான நம்பிக்கை. முத்துப்பார் காலியானால் பத்து வருஷம் காத்திரு, எங்கிருந்தோ லார்வா மிதந்து வரும். அப்படித்தான் பல நூற்றாண்டு நடந்தது. அந்தச் சிப்பியே 1961-க்குப் பிறகு, குளிப்பு நடத்தும் அளவுக்குத் திரும்பி வரவில்லை. லாட்டரிக்குக்கூடப் பரிசு நின்றுபோன காலம் இது.

சங்குக்கு இந்த லாட்டரியே கிடையாது. ஒரு மணல் திட்டின் சங்கைத் துடைத்து எடுத்துவிட்டால், மிதந்து வந்து நிரப்ப யாரும் இல்லை. பக்கத்துத் திட்டிலிருந்து ஊர்ந்து வரவேண்டும். பக்கத்தில் மிச்சம் இருந்தால். பழைய காலத்தில் ஒரு வளையத்தை வைத்துப் பார்த்து, அதற்குள் புகுந்துவிடும் சின்னச் சங்கைத் திரும்பக் கடலில் விட்டார்கள். இன்று அடிமட்டத்தை வாரிக்கொண்டு போகும் இழுவலைக்கு அந்த வளையம் கிடையாது. பெரிசும் வரும், குஞ்சும் வரும், சங்குப்பூவும் வரும். போவது வெறும் சங்கு இல்லை. ஒரு முகம். நடந்து வந்து, ஆயிரக்கணக்கான வருஷம் ஓர் ஊரில் கிடந்து, அந்த ஊருக்கென்று மாறத் தொடங்கியிருந்த ஒன்று. பாதி எழுதிய கதையை அடுப்பில் போடுகிற மாதிரி.

பவளத்துக்கும் இதே பாடம். ஒரு காலத்தில் சுண்ணாம்புக்காகத் தூத்துக்குடித் தீவுகளைச் சுற்றிப் பாறையை வெட்டி எடுத்தார்கள். 2001-ல் சட்டம் இறுகி, 2000-களின் நடுவில் அது ஓய்ந்தது. ஓய்ந்ததும் வெயில் வந்தது. கடல் சூடேறினால் பவளம் தன் நிறத்தை இழந்து வெளுக்கும். சூடு நீடித்தால் சாகும். 1998, 2010, 2016, 2024 என்று அடுத்தடுத்து வெளுத்தது. 2016-ல் மட்டும் மன்னார் வளைகுடாவில் உயிருள்ள பவளத்தின் பரப்பு ஏறக்குறைய 39 சதவீதத்திலிருந்து 23 சதவீதமாக இறங்கியது. கிளை கிளையாக வளரும் பவளங்களுக்குத்தான் அடி அதிகம். உருண்டையாகப் பாறை மாதிரி வளர்பவை தாக்குப்பிடித்தன.

அந்தப் பிழைத்தவற்றைப் பாருங்கள். இத்தனை சூட்டையும் தாங்கி நிற்கும் உள்ளூர்ப் பவளங்களின் பிள்ளைகளில் ஒரு பகுதி, லிசர்ட் தீவு மீன்களைப் போல, இங்கேயே திரும்பி வந்து ஒட்டினால், சூட்டைத் தாங்கும் பரம்பரை ஒன்று இங்கே வளர வாய்ப்பு உண்டு. வெளியூரிலிருந்து கொண்டுவந்து ஒட்டுவதால் அது கிடைக்காது. தூத்துக்குடியில் 2002-லிருந்து பவளத்தை மறுபடி நட்டுவருபவர்கள் உள்ளூர்த் துண்டுகளையே எடுத்து நடுவது இதனால்தான் எனக்குச் சரியாகப் படுகிறது. இனம் உண்டாவது ஏதோ டைனோசர் காலத்துச் சங்கதி இல்லை. வான் தீவுக்குப் பக்கத்தில், இன்றைக்கு, மெதுவாக, அது நடந்துகொண்டிருக்கலாம். அல்லது நாம் அதை நிறுத்திக்கொண்டிருக்கலாம்.

ஆகவே நண்பர்களே, அடுத்த தடவை பேப்பரில் 'புதிய உயிரினம் கண்டுபிடிப்பு' என்று பார்த்தால், படத்தை ரசித்துவிட்டு மூன்று கேள்வி கேளுங்கள். இதன் குஞ்சு எவ்வளவு தூரம் போகும்? எந்த நேரத்தில், எந்த வீட்டில் ஜோடி தேடும்? இதற்கும் இதன் பங்காளிக்கும் நடுவில் நிற்கும் சுவர் எது? செய்தி இந்த மூன்றில் ஒன்றுக்காவது பதில் சொன்னால் அது கடலின் செய்தி. இல்லாவிட்டால் அது ஒரு பெயர்சூட்டு விழா. போய்ச் சாப்பிட்டுவிட்டு வரலாம்.

ஹார்னெல் புத்தகம் கிடைத்தால் புனிதத்தைப் பிறகு படியுங்கள். முட்டைக்கூட்டிலிருந்து ஆரம்பியுங்கள்.

கிளம்பும்போது திரேஸ்புரத்துப் பெரியவர் காய்ந்துபோன ஒரு சங்குப்பூவைக் கையில் கொடுத்தார். கரையில் ஒதுங்கியது, காலிக்கூடு. அறை அறையாக ஓட்டை போட்டுக் குஞ்சுகள் வெளியே போயிருந்தன. "எங்க போயிருக்கும்யா இதெல்லாம்?" என்று தெரியாதவன் மாதிரி கேட்டேன்.

"எங்க போவும்? இங்கனதான் கெடக்கும்" என்றார். பிறகு கடலைப் பார்த்து, "கெடந்தா நல்லது" என்றார்.